குதிரையில்லாக் கோடு: கணக்கு சரியாகி படம் தவறிய ஒரு நிகழ்வு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். புள்ளியியல் முதுகலை, முதலாம் ஆண்டு. படத்தில் 32 புள்ளிகள், ஒரு சிவப்புக் கோடு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கார்; கிடையாக அதன் எடை, மேல்நோக்கி மைலேஜ். கோடு புள்ளிகளுக்கு நடுவே போகவில்லை. அவற்றுக்கு மேலே, மொட்டைமாடியில் கட்டிய கொடிக்கயிறு மாதிரி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வரி: "சித்தப்பா, நம்பர் எல்லாம் கரெக்டா வருது. கோடு மட்டும் ஏன் மேல நிக்குது?"

படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். 32-ல் 30 புள்ளிகள் கோட்டுக்குக் கீழே. மேலே இருந்தவை இரண்டே இரண்டு: டொயோட்டா கொரோலா, ஃபியட் 128. அவையும் கோட்டை விட்டு நாலு அலகுகூட விலகவில்லை. மீச்சிறு வர்க்க முறையில், அதாவது புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி அதை மிகக் குறைவாக்கும் முறையில், கிடைத்த கோடு இப்படி இருக்க வழியே கிடையாது. வெட்டுத்துண்டு (எடை பூஜ்யமாகும் இடத்தில் கோடு நிற்கும் உயரம்) உள்ள மாதிரியில் எச்சங்களை, அதாவது உண்மை மைலேஜுக்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். முப்பது பேர் ஒரு பக்கம் இழுக்க, இரண்டு பேர் மட்டும் மறுபக்கம் நின்றால் எங்கிருந்து பூஜ்யம் வரும்?

அவள் சொன்னதும் உண்மைதான். எண்களில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

தரவும் வீட்டுப்பாடமும்

தரவு எம்டிகார்ஸ். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினாலே கூட வந்துவிடும். ஆர் கற்றுக்கொண்டவர்களில் இதைத் தொடாதவர் அநேகமாக இருக்க மாட்டார். மோட்டார் டிரெண்ட் என்ற அமெரிக்க இதழில் 1974-ல் வந்த விவரங்கள் இவை. 1973-74 மாடல் கார்கள் 32. மைலேஜ் அமெரிக்க கேலனுக்கு இத்தனை மைல் என்றும், எடை ஆயிரம் பவுண்டிலும் தரப்பட்டிருக்கும். சராசரி மைலேஜ் 20.09. நம் கணக்குக்கு மாற்றினால் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். இன்றைக்கு நம் ஊரில் எவரும் அந்தக் காரை வீட்டு வாசலில் நிறுத்த மாட்டார்கள். மிக லேசானது லோட்டஸ் யூரோப்பா, 1.513. மிகக் கனமானது லிங்கன் கான்டினென்டல், 5.424, அதாவது ஏறக்குறைய இரண்டரை டன்.

ஆசிரியர் கொடுத்த வேலை இது: கோட்டைத் தானே கணக்கிட்டுத் தரும் எல்எம் என்ற ஆயத்த கமாண்டைத் தொடக்கூடாது. அணிக் கணக்காகவே, அதாவது மேட்ரிக்ஸ் பெருக்கலாகவே கெழுக்களை (வெட்டுத்துண்டு, சாய்வு போன்ற எண்களை) கண்டுபிடித்து, புள்ளிகளின் மேல் ரெக்ரஷன் கோட்டை வரைய வேண்டும். பள்ளிப் புத்தகத் தமிழில் தொடர்புப் போக்குக் கோடு. எனக்கு இந்த மாதிரி வீட்டுப்பாடம் பிடிக்கும். எல்எம் ஒரு நல்ல சமையல்காரர். எல்லாவற்றையும் அவரே செய்து தட்டில் வைத்துவிடுவதால் அடுப்பு எங்கே இருக்கிறது என்றே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

சனிக்கிழமை முதல் சுற்று. எடை ஒன்றை மட்டும் வைத்து மைலேஜைக் கணிப்பது. எக்ஸ் என்பது கணிக்க உதவும் எண்களை நிரல்களாக அடுக்கிய அணி, ஒய் என்பது மைலேஜ் நிரல். சூத்திரம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்: எக்ஸ் அணியின் நிரை நிரல் மாற்றை எக்ஸாலேயே பெருக்கு, அதன் நேர்மாறை எடு, அதை எக்ஸ் மாற்றும் ஒய்யும் பெருக்கி வந்ததோடு பெருக்கு. வருவது பீட்டா, கெழுக்களின் நிரல். ஆரில் அணிப் பெருக்கலுக்கு %*% என்று எழுத வேண்டும். வெறும் * போட்டால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கும், அல்லது அளவு பொருந்தவில்லை என்று எரர் கொடுக்கும். எரர் கொடுத்தால் நல்லது. கொடுக்காமல் ஏதோ ஒரு விடையைத் தந்துவிட்டால்தான் தலைவலி.

அன்று அவளுக்கு வந்தது அந்த இரண்டாம் வகைத் தலைவலி, ஆனால் வேறு காரணத்தால். எக்ஸில் எடை நிரலை மட்டும் வைத்துவிட்டு, முன்னால் 1, 1, 1 என்று நிற்க வேண்டிய நிரலை மறந்துவிட்டாள். எக்ஸ் மாற்று எக்ஸ் என்பது 360.901 என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கியது. எக்ஸ் மாற்று ஒய் 1909.753. வகுத்தால் 5.29. நேர்க்குறி! எடை கூடக் கூட மைலேஜ் ஏறுகிறதாம். ஒன்றுகள் இல்லாவிட்டால் கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும். எடை இல்லாத கார் எண்ணெய் குடித்துக்கொண்டு ஓரடிகூட நகராது என்று நாமே அதற்குச் சொல்லிவிடுகிறோம். ஆதிப்புள்ளியிலிருந்து புள்ளிக்கூட்டத்தை எட்ட வேண்டுமானால் மேலே ஏறித்தானே ஆக வேண்டும்? புள்ளிகள் இடமிருந்து வலம் இறங்க, கோடு ஏறுவதைப் பார்த்ததும் அவளே பிடித்துவிட்டாள்.

ஒன்றுகளைச் சேர்த்ததும் எக்ஸ் மாற்று எக்ஸ் இரண்டுக்கு இரண்டு அணியானது. முதல் நிரையில் 32, 102.952. இரண்டாவதில் 102.952, 360.901. காகிதத்திலேயே நேர்மாறு எடுத்துவிடலாம், அணிக்கோவை 949.7 சுற்றி வரும். விடை: வெட்டுத்துண்டு 37.285, சாய்வு −5.344. ஆயிரம் பவுண்டு கூடினால் கேலனுக்கு ஐந்தேகால் மைலுக்குச் சற்று மேல் போச்சு. பீட்டாவின் முதல் உறுப்பையும் இரண்டாம் உறுப்பையும் நேர்கோடு வரையும் ஏபிலைன் கமாண்டுக்குக் கொடுத்தாள். கோடு புள்ளிகளுக்கு நடுவே அழகாக விழுந்தது. சந்தோஷமாகத் தூங்கப் போய்விட்டாள்.

ஞாயிறு: மூன்றாவது நிரல்

வீட்டுப்பாடத்தின் இரண்டாம் பகுதி, குதிரைத்திறனையும் சேர்ப்பது. எக்ஸில் மூன்று நிரல்கள்: ஒன்றுகள், எடை, குதிரைத்திறன். அதே ஸ்கிரிப்டில் ஒரு நிரலைக் கூடுதலாக ஒட்டினால் போதும். அணிக் கணக்கின் வசதியே அதுதான். பீட்டா வந்தது:

மைலேஜ் = 37.227 − 3.878 × எடை − 0.03177 × குதிரைத்திறன்

ஆசிரியருக்குத் தெரியாமல் எல்எம்மையும் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதே மூன்று எண்கள். எடை மட்டும் இருந்தபோது 0.753 ஆக இருந்த ஆர்-வர்க்கம் (மைலேஜின் ஏற்ற இறக்கத்தில் மாதிரி விளக்கும் பங்கு) இப்போது 0.827. எல்லாம் சரி. ஸ்கிரிப்டின் கடைசி வரி மட்டும் சனிக்கிழமை எழுதியது அப்படியே இருந்தது: ஏபிலைன், பீட்டாவின் முதல் உறுப்பு, இரண்டாம் உறுப்பு.

கொடிக்கயிறு அங்கேதான் கட்டப்பட்டது.

ஏபிலைனுக்கு இரண்டு எண்கள்தான் தெரியும். 37.227-ஐயும் −3.878-ஐயும் கொடுத்தோம், வரைந்தது. மூன்றாவது உறுப்பு காற்றில் போனது. அப்படியானால் அந்தக் கோடு எந்தக் காருக்கு? மூன்றாவது உறுப்பைப் பெருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டதற்குச் சமம். குதிரைத்திறன் பூஜ்யமாக உள்ள கார். எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்த கார்! தரவில் மிகக் குறைந்த குதிரைத்திறனே 52, ஹோண்டா சிவிக்.

"ஏம்மா, குதிரையே இல்லாத வண்டிக்குக் கோடு போட்டிருக்கியே" என்று அனுப்பினேன். அரை நிமிடம் டைப் செய்துகொண்டே இருப்பதாகக் காட்டியது. பிறகு: "ஐயோ."

எவ்வளவு மேலே தொங்குகிறது என்பதையும் துல்லியமாகச் சொல்லலாம். 32 கார்களின் சராசரிக் குதிரைத்திறன் 146.6875. அதை 0.03177-ஆல் பெருக்கினால் 4.66. கோடு சரியாக அந்த அளவுக்கு, லிட்டர் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், உயர்ந்துவிட்டது. சராசரி எடை 3.217-ல் அந்தக் கோடு காட்டுவது 24.75, உண்மைச் சராசரி 20.09. இந்தச் சோதனையை நான் எப்போதும் செய்வேன்: கோடு போட்டதும் சராசரி எடை, சராசரி மைலேஜ் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பார்ப்பேன். மற்ற மாறிகளைச் சராசரியில் நிறுத்திய கோடு அதன் வழியாகப் போயே தீர வேண்டும். போகவில்லையென்றால் எங்கேயோ கை தவறியிருக்கிறது.

இதில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்எம் தந்த மாதிரியை அப்படியே ஏபிலைனிடம் நீட்டியிருந்தால் ஆர் ஒரு வார்னிங் கொடுத்திருக்கும்: மூன்று கெழுக்களில் முதல் இரண்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன் என்று. பீட்டாவை முழுசாக ஒரே துண்டாகக் கொடுத்திருந்தால் எரரே வந்திருக்கும். இரண்டு உறுப்புகளை நாமே பிய்த்துக் கொடுத்தால் ஆருக்கு எதுவும் தெரியாது. அணிக் கணக்கைக் கையால் செய்கிறவனுக்கு வாசலில் காவலாளி இல்லை.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்துக்குச் செய்துகொடுத்த அறிக்கையில் நான்கு கெழுக்கள் உள்ள மாதிரி. வார்னிங் வந்திருக்கும், ஆனால் திரை நிறைய வார்னிங் கொட்டுகிறதே என்று நானே அவற்றை அணைத்து வைத்திருந்தேன். படம் அச்சாகி மேசைக்குப் போனபின் ஒருவர் கேட்டார், "இந்தக் கோடு எதுக்குக் கீழ ஓடுது?" அந்த அறிக்கையில் கோடு கீழே ஓடியது; கெழுவின் குறியைப் பொறுத்து மேலேயும் போகலாம் கீழேயும் போகலாம்.

பீட்டா ஒரு கோடு அல்ல

திருத்தம் ஒரு வரிதான். வெட்டுத்துண்டில் 4.66-ஐக் கழி: 37.227 − 4.660 = 32.567. கோடு 32.567 − 3.878 × எடை. போட்டாள், நடுவே வந்து உட்கார்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி: "நேத்து போட்ட கோடும் நடுவுலதான் போச்சு. ஆனா அது இன்னும் செங்குத்தா இருந்துச்சே. ரெண்டுல எது சரி?"

இரண்டும் சரி. சனிக்கிழமைக் கோட்டின் சாய்வு −5.344, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் சாய்வு −3.878. எடையும் குதிரைத்திறனும் சேர்ந்தே ஏறுகிற சரக்கு, ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.659. குதிரைத்திறனை எடையின் மேல் தனியாக ஒரு ரெக்ரஷன் போட்டால் ஆயிரம் பவுண்டுக்கு 46.16 குதிரைத்திறன் கூடுகிறது. அதை 0.03177-ஆல் பெருக்குங்கள்: 1.467. அதோடு 3.878-ஐக் கூட்டினால் 5.344. சனிக்கிழமைக் கோடு, "எடை கூடினால் எஞ்சினும் கூடவே பெரிதாகும்" என்று எடுத்துக்கொண்ட கோடு. ஞாயிற்றுக்கிழமைக் கோடு, எஞ்சினை 146.7-ல் நிறுத்திவிட்டு எடையை மட்டும் ஏற்றிய கோடு.

அவளிடம் சொன்னது இதுதான். பீட்டா என்பது மூன்று எண்கள் உள்ள ஒரு நிரல், அவ்வளவுதான். அது கோடு அல்ல. வரைவதற்கு இன்னொரு எக்ஸ் வேண்டும். தரவில் உள்ள எக்ஸ் அல்ல, நாமே செய்கிற எக்ஸ். 1.513-லிருந்து 5.424 வரை நூறு எடைகளை வரிசையாக எடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை: 1, எடை, குதிரைத்திறன். இந்தப் புது அணியை பீட்டாவால் பெருக்கு. வருகிற நூறு எண்களை அந்த நூறு எடைகளுக்கு எதிரே லைன்ஸ் கமாண்டால் இணை. குதிரைத்திறன் நிரலில் எல்லாம் 0 போட்டால் கொடிக்கயிறு. எல்லாம் 146.6875 போட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கோடு. ஒவ்வொரு நிரையிலும் −1.82 + 46.16 × எடை என்று போட்டால் சனிக்கிழமைக் கோடு புள்ளிக்குப் புள்ளி திரும்பி வரும். 100 ஒன்று, 200 ஒன்று என்று போட்டால் 34.05, 30.87 என்ற வெட்டுத்துண்டுகளோடு இரண்டு இணைகோடுகள். பீட்டா ஒன்றேதான், நம் புது எக்ஸ்தான் மாறுகிறது.

கடைசியாகச் சொன்ன −1.82 விஷயத்தை அவள் நம்பவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கோடுகளின் வித்தியாசத்தை அச்சிட்டு அனுப்பினாள். தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்தாவது இடத்தைச் சுற்றி ஏதோ தூசி மட்டும் இருந்தது.

ஆரில் படம் வரைய ஜிஜிபிளாட் தொகுப்பைப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஜியோம்-ஸ்மூத்தை எல்எம் முறையில் கேட்டால் பட்டையோடு அழகான கோடு வரும். ஆனால் அது படத்தில் தெரியும் இரண்டு மாறிகளை மட்டும் வைத்துத் தானே புதிதாகப் போடுகிற சனிக்கிழமைக் கோடு. நீங்கள் சேர்த்த குதிரைத்திறன் அதற்குத் தெரியாது. இதைத் தன் பல மாறி மாதிரியின் கோடு என்று நினைத்து ஆய்வேட்டில் ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேர்மாறு எடுப்பது பற்றி ஒரு சிறு முணுமுணுப்பு

அவளுடைய ஸ்கிரிப்டில் என் கண்ணை உறுத்திய இன்னொன்று, சால்வ் கமாண்டால் முழு நேர்மாறையும் எடுத்து, பிறகு பெருக்கியிருந்தது. சூத்திரம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காகக் கணினியும் அப்படியே செய்ய வேண்டியதில்லை. சால்வுக்கு இரண்டு அணிகளையும் ஒன்றாகக் கொடுத்தால் நேர்மாறு எடுக்காமலே சமன்பாட்டைத் தீர்த்துத் தரும். எல்எம் அதையும் செய்வதில்லை. எக்ஸ் மாற்று எக்ஸ் என்ற பெருக்கலுக்கே போகாமல், எக்ஸை நேரடியாக கியூஆர் முறையில் இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

எம்டிகார்ஸில் இதெல்லாம் வித்தியாசமே காட்டாது. காட்டும் தரவு ஒன்று ஆருடனேயே வருகிறது: லாங்லி. 1947 முதல் 1962 வரையிலான அமெரிக்கப் பொருளாதார எண்கள், 16 நிரைகள், ஆறு விளக்க மாறிகள். அந்தக் காலத்து ரெக்ரஷன் புரோகிராம்கள் எவ்வளவு துல்லியம் என்று சோதிக்க, தரவுக்குப் பெயர் தந்த லாங்லி என்பவர் 1967-ல் இதைப் பயன்படுத்தினார். மாறிகள் எல்லாம் வருடத்தோடு சேர்ந்தே ஏறுவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எக்ஸின் நிபந்தனை எண், அதாவது சிறு பிழையைக் கணக்கு எவ்வளவு பெரிதாக்கக்கூடும் என்று காட்டும் எண், சுமார் 4.86 × 10⁹. எக்ஸ் மாற்று எக்ஸுக்கு அது வர்க்கமாகி 2.4 × 10¹⁹-ஐத் தொடும். கணினி வைத்திருப்பதோ ஏறக்குறைய 16 இலக்கங்கள். அதனால் சால்வ் நேர்மாறு எடுக்கவே மறுத்து எரர் கொடுத்துவிடும். எல்எம் சிரமமில்லாமல் விடை தரும். ஓட்டிப் பார் என்றேன். பார்த்தாளா தெரியாது. வயது அப்படி.

பட்டை

திங்கட்கிழமை அவளே 95 சதவீத நம்பிக்கைப் பட்டையும் (கோடு எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று காட்டும் பட்டை) போட வேண்டும் என்று வந்தாள். புது எக்ஸ் கையில் இருப்பதால் இது சுலபம். ஒவ்வொரு நிரைக்கும், அந்த நிரை × நேர்மாறு × அதே நிரையின் மாற்று. அதன் வர்க்கமூலத்தை எச்சத் திட்டப்பிழை 2.593-ஆல் பெருக்கி, பிறகு 29 கட்டின்மைக் கூறுகளுக்கு (32 கார்களில் மூன்று கெழுக்கள் போக மீதி) உரிய டி மதிப்பு 2.045-ஆல் பெருக்கு. இங்கே மட்டும் நேர்மாறு கையில் இருப்பது வசதிதான். ஆகவே மேலே முணுமுணுத்ததைக் கொஞ்சம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவள் செய்தது நூறு நிரை அணியை இரு பக்கமும் பெருக்கி நூறுக்கு நூறு அணி எடுத்தது. பத்தாயிரம் எண்கள். வேண்டியது மூலைவிட்டத்தில் உள்ள நூறு மட்டும். நூறில் பரவாயில்லை, லட்சம் நிரை வந்தால் கணினி படுத்துவிடும். புது எக்ஸை நேர்மாறால் பெருக்கி, வந்ததைப் புது எக்ஸோடு உறுப்புக்கு உறுப்பு பெருக்கி, நிரை நிரையாகக் கூட்டினால் அந்த நூறு மட்டும் கிடைக்கும். சனிக்கிழமை திட்டிய வெறும் * இங்கே உதவிக்கு வருகிறது.

பட்டை எதிர்பார்த்தபடி வந்தது. சராசரி எடையில் ±0.94, லிங்கன் கான்டினென்டல் நிற்கும் ஓரத்தில் ±3.0. இடுப்பு மெலிந்த உடுக்கை.

சிலந்திவலை

புதன்கிழமை வந்த படம் இன்னொரு ரகம். எடையின் வர்க்கத்தையும் ஒரு நிரலாகச் சேர்த்திருக்கிறாள்: 49.931 − 13.380 × எடை + 1.171 × எடை வர்க்கம். சரியான எண்கள். வளைகோடு வர வேண்டிய இடத்தில் சிலந்திவலை. இந்தத் தடவை புது எக்ஸ் செய்யச் சோம்பல். தரவின் எக்ஸையே பீட்டாவால் பெருக்கி, வந்ததை லைன்ஸ் கமாண்டால் இணைத்துவிட்டாள். லைன்ஸ், புள்ளிகளை அவை தரவில் நிற்கும் வரிசையிலேயே இணைக்கும். 17-வது நிரை கிரைஸ்லர் இம்பீரியல், எடை 5.345. 18-வது ஃபியட் 128, எடை 2.200. வலது ஓரத்திலிருந்து இடது பக்கத்துக்கு ஒரே இழுப்பு. இப்படி 31 இழுப்புகள்.

"சனிக்கிழமையும் இப்படித்தான் ஒரு தடவ பண்ணேன். அப்ப ஒன்னும் ஆகலையே?" என்றாள். ஆகாது. நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக எத்தனை தடவை போய் வந்தாலும் அதே கோட்டின் மேல்தான் போகும், கண்ணுக்குத் தெரியாது. ஆரில் உள்ள இன்னொரு பிரபல தரவான கார்ஸில் (வேகம், பிரேக் போட்டபின் நிற்கும் தூரம், 50 நிரைகள்) வளைகோட்டிலும் தெரியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே வேக வரிசையில் அடுக்கியே இருக்கிறது. அதில் பழகிவிட்டு எம்டிகார்ஸுக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சிலந்தி காத்திருக்கும். மருந்து ஒன்றுதான்: வரிசையாக அடுக்கிய புது எக்ஸ்.

இரண்டு கோடுகள், ஒரு டொயோட்டா

கடைசிப் பகுதி கியர்பாக்ஸ். 19 கார்கள் ஆட்டோமேட்டிக், 13 மேனுவல். எடையோடு கியர்பாக்ஸையும் (ஆட்டோமேட்டிக்குக்கு 0, மேனுவலுக்கு 1), இரண்டின் பெருக்கலையும் சேர்த்தால் எக்ஸில் நான்கு நிரல்கள். பீட்டா: 31.416, −3.786, 14.878, −5.298. இதற்குள் பழகிவிட்டதால் அவளே புது எக்ஸ் இரண்டு செய்துவிட்டாள். ஆட்டோமேட்டிக்குக்கு ஒவ்வொரு நிரையும் 1, எடை, 0, 0. மேனுவலுக்கு 1, எடை, 1, எடை. இரண்டாவதைப் பெருக்கினால் 46.294 − 9.084 × எடை.

முதலில் இரண்டையும் படத்தின் முழு அகலத்துக்கும் இழுத்தாள். மேனுவல் கோடு 4 ஆயிரம் பவுண்டைத் தாண்டியதும் தரையைத் துளைத்துக்கொண்டு படத்துக்கு வெளியே போனது. லிங்கன் எடையில் மேனுவல் கார் ஒன்று இருந்தால் அது கேலனுக்கு −3 மைல் ஓடுமாம். தரவில் உள்ள மேனுவல் கார்களில் கனமானது மசெராட்டி போரா, 3.570, அதற்கு அப்புறம் கோட்டுக்கு அங்கே வேலை இல்லை. ஆட்டோமேட்டிக் கார்கள் தொடங்குவதே 2.465-ல். ஏபிலைனுக்கு நிறுத்தத் தெரியாது, சட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்துவிடும். புது எக்ஸில் எடைகளை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. வெட்டிச் சுருக்கினாள்.

சுருக்கிய பிறகும் இரண்டு கோடுகளும் 2.81-ல் வெட்டிக்கொண்டன. அவளுக்கு ஒரே குஷி. "அப்போ 2,800 பவுண்டுக்குக் கீழ மேனுவல் நல்லது, அதுக்கு மேல ஆட்டோமேட்டிக் நல்லதுன்னு எழுதலாமா சித்தப்பா?"

வெட்டுப்புள்ளிக்கு இடது பக்கம் எத்தனை ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது என்று எண்ணிப் பார் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பதில் வந்தது: "ஒன்னே ஒன்னு. டொயோட்டா கொரோனா." பக்கத்தில் முகக்கவசம் போட்ட மஞ்சள் பொம்மை ஒன்று.

மறுநாள் அவள் கொடுத்த படத்தில் அந்தப் புள்ளிக்கு மட்டும் பெயர் எழுதியிருந்தது. ஆட்டோமேட்டிக் கோடு அதிலிருந்து அடுத்த காரான மெர்க் 230 நிற்கும் 3.15 வரை புள்ளிக்கோடாகப் போய், அதற்குப் பிறகுதான் திடமாகியிருந்தது.